தூங்குமூஞ்சி மரத்துக்கு ஒரு கூண்டு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வெல்டிங் மெஷின் மறுபடியும் மக்கர். நாலு உதை கொடுத்தேன், ஓடியது. என்னையும் யாராவது இப்படி நாலு உதை கொடுத்து ஓடவிட்டால் தேவலை.

இந்த டைரி மகள் கொடுத்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கம்பெனிக்காரன் கொடுத்த ஓசி டைரி. அட்டையில் ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், என்னை மாதிரியே. "அப்பா, தம்பியைப் பத்தி அதே நாலு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி எங்களைக் கொல்லாதீங்க. இதுல எழுதுங்க. இது காதைப் பொத்திக்காது" என்றாள். ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாத்தியார், "உனக்குக் கை நல்லா இருக்கு, வேற ஏதாவது வேலைக்குப் பயன்படுத்து" என்றார். அன்றைக்கு விட்டது, இன்றைக்குத் தொடர்கிறது.

தம்பி என்றால் என் மகன். அவன் அக்காவுக்குத்தான் தம்பி. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பிதான், எனக்கும்கூட. சரக்குக் கப்பலில் என்ஜின் அறை ஃபிட்டர். போன வருஷம் எங்கோ ஒரு கரையோரம் துப்பாக்கிக்காரர்கள் கப்பலோடு பிடித்து வைத்துக்கொண்டார்கள். கப்பல் முதலாளியைக் கேட்டால் அது தன் கப்பலே இல்லை என்கிறார். அதில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் ஏழு பேர். இதையெல்லாம் யாருக்காக விளக்கிக்கொண்டிருக்கிறேன்? முதுகுவலிக்காரனுக்கா?

மத்தியானம் பட்டறைக்கு ஒருவர் வந்தார். மேஜை நாற்காலி விற்கும் பெரிய கடை முதலாளி. எந்தக் குழு அமைத்தாலும் அவரே தலைவர். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே தலைவர்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் ஒரு பூங்கா அமைக்கப்போகிறார்களாம். அந்நிய நாட்டில் சிறைபட்டோர் நினைவுப் பூங்கா. ஏழு பேருக்கு ஏழு மரம். மரத்துக்கு ஒரு கூண்டு, ஆடு கடிக்காமல் இருக்க.

"கூண்டு நீங்கதான் செய்யணும் அண்ணே. ஒரு அப்பன் கையால செஞ்சதுன்னா அதுல ஒரு இது இருக்கும்."

அந்த 'இது' என்னவென்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. சரி என்றேன். சிறைபட்டவனுக்கு மரியாதை செய்யக் கூண்டா என்பது அவர் போய், டீ ஆறி, ஏடு கட்டிய பிறகுதான் உறைத்தது.

மார்ச் 5, புதன்

அவளிடம் சொன்னேன். அவள் என்றால் என் மனைவி.

"நினைவுப் பூங்காவா? என் புள்ள என்ன செத்தா போயிட்டான்?"

"உயிரோட இருக்கிறவங்களையும் நினைக்கலாம்ல..."

"நினைக்கிறதுக்கு எனக்குப் பூங்கா வேணுமா? அடுப்பு முன்னாடி நின்னா போதும்."

சோற்றில் உப்பில்லை. கேட்கவில்லை. எனக்கு உயிர் வெல்லம்.

கை கழுவும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "அவனுக்குத் தூங்குமூஞ்சி மரம் வெக்கச் சொல்லுங்க. எழுப்பினா எழுந்திருப்பானா அவன்? அந்த மரந்தான் அவனுக்குச் சரி. பூங்காவுக்கு நான் வரமாட்டேன், அதையும் சொல்லிடுங்க."

மார்ச் 16, ஞாயிறு

பூங்காக் குழுக் கூட்டம், தலைவரின் கடை மாடியில். விற்காத நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆள் அசைந்தால் நாற்காலி முனகியது.

தலைவர் விதிகளைப் படித்தார். புல்லில் உட்காரக்கூடாது. பூப்பறிக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது. ஓடக்கூடாது. மரத்தைத் தொடக்கூடாது. சிறைபட்டவர்கள்கூட இத்தனை 'கூடாது' கேட்டிருப்பார்களா தெரியவில்லை.

கப்பல் சமையற்காரரின் மனைவி வந்திருந்தாள். துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். யார் பேசினாலும் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். "பூங்காவுக்குப் பூட்டு உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டும்மா. பாதுகாப்பு வேணாமா? ஆறு மணிக்குப் பூட்டிடுவோம்."

நாற்காலிகள் மட்டும் முனகின.

பிறகு தலைவர் தன் பெரிய யோசனையைச் சொன்னார். ஒவ்வொரு கூண்டும் இரண்டு பாதி; நட்டு போல்ட்டு போட்டு இணைத்திருக்க வேண்டும். யார் திரும்பி வருகிறாரோ அவர் தன் கையாலேயே நட்டைக் கழற்றி, கூண்டைத் திறந்து, தன் மரத்தை விடுதலை செய்வார். பேண்டு வாத்தியம் உண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல யோசனைதான், எவ்வளவு நேரம்தான் குறை சொல்வது.

தேய்ப்புக்கடைத் தங்கச்சி கைதட்டவில்லை. "நட்டு துருப்பிடிச்சிடாதா அண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

"எண்ணெய் விட்டா பிடிக்காதும்மா."

"என்ன எண்ணெய்?"

மெஷின் எண்ணெய் என்றேன். தலையாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆறு கூண்டு முடிந்தது. ஆறும் தலைவர் சொன்னபடி, நட்டு போல்ட்டோடு. பாக்கி தம்பியுடையது.

என் மச்சினன், அவளுடைய தம்பி, பட்டறையில் எனக்குக் கைகொடுக்கிறவன். எந்த வேலைக்கும் எந்த ஸ்பானர் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். அதனால் ஸ்பானர் என்றே பெயர். அவன் சொன்னான்: "மாமா, ரோட்டோரக் கூண்டுல இருக்கிற போல்ட்டையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குக் கழட்டி வித்துட்டானுங்க. இதையும் விடமாட்டானுங்க."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மற்ற ஆறு மரத்துக்கு வராத கவலை. பாருங்கள் என் நியாயத்தை.

ஏப்ரல் 12, சனி

ஏழாவது கூண்டுக்கு போல்ட்டே வைக்கவில்லை. நேற்றே மரம் நட்டாயிற்று. இன்று மெஷினைப் பூங்காவுக்கே கொண்டுபோய், இரண்டு பாதியையும் மரத்தைச் சுற்றி நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை வெல்டு வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும். என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு வெல்டு வந்ததில்லை. அடுக்கி வைத்த காசு மாதிரி வரி வரியாக. ஆடு என்ன, ஆனையே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்பானர் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "சூப்பர் மாமா. ஆமா, அப்புறம் எப்படித் தொறக்கிறது?"

"மொதல்ல அவன் வரட்டும்டா" என்றேன்.

சொன்ன பிறகு வாயில் வெல்டிங் ராடைக் கடித்த மாதிரி இருந்தது. ஸ்பானரும் எதையோ தேட ஆரம்பித்தான், கையில் வைத்திருந்ததையே.

ஏப்ரல் 27, ஞாயிறு

திறப்பு விழா. முன்வரிசையில் எனக்கு நாற்காலி. இதுவரை எந்த விழாவிலும் நான் நாற்காலியைத் தூக்கித்தான் போட்டிருக்கிறேன்.

பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் தலைவருக்கு நன்றி சொன்னேன், வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன், மைக்செட்காரருக்கும் அவர் ஒயருக்கும்கூட நன்றி சொன்னேன். பலத்த கைதட்டல். வந்து உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது: மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் வரவில்லை. மகள் வந்து கடைசி வரிசையில் நின்றாள். "நல்லா பேசினீங்கப்பா. அந்த மைக்செட்காரர் மகன்தான் கப்பல்ல இருக்கான்னு நினைச்சிட்டிருப்பாங்க" என்றாள்.

மே 13, செவ்வாய்

காலையில் அவள் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். "கடைக்கு" என்றாள். தண்ணீர்க் கேனோடு எந்தக் கடைக்கு?

பூங்காக் காவலாளி சொல்லித்தான் தெரிந்தது. நட்ட நாளிலிருந்து வருகிறாளாம். தம்பியின் மரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு, மற்ற மரங்கள் பாவமாகப் பார்த்தால் அவற்றுக்கும் கொஞ்சம். அவளுக்குப் பின்னாலேயே தேய்ப்புக்கடைத் தங்கச்சி வருவாளாம், சின்ன எண்ணெய்க் குப்பியோடு.

நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பூங்காவுக்கு வரமாட்டேன் என்று சொன்னவள் அவள். வாக்கைக் காப்பாற்றுவது அவரவர் பாடு.

ஜூன் 11, புதன்

பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். "கொஞ்சம் சோகமா, அண்ணே. இன்னும் கொஞ்சம். இல்ல, இது பல்வலி மாதிரி இருக்கு." பதினைந்து மாதமாக எனக்கு இருக்கிற சோகம், கேட்ட நேரத்துக்கு வரமாட்டேன் என்கிறது. கடைசியில் காலில் கட்டெறும்பு கடித்தபோது எடுத்த படம்தான் சரியாக வந்ததாம்.

ஜூன் 13, வெள்ளி

படம் வந்துவிட்டது. கேமராவை எந்தப் பக்கம் வைத்தாரோ, நான்தான் கூண்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. அவள் பார்த்துவிட்டு, "இவரை எப்ப புடிச்சாங்க?" என்றாள். இந்த வருஷத்தில் அவள் சொன்ன முதல் ஜோக். வெட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதைப் பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் காட்டினேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூலை 9, புதன்

போன் வந்தது. கிரைண்டர் சத்தத்துல மொதல்ல கேக்கல. தெரியாத நம்பர். அவன்தான். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேசவிடுவானுங்க, அதுவும் அரை நிமிஷம்.

"அப்பா"ன்னான்.

சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, அம்மா நல்லா இருக்கா... இதுல ஒண்ணு சொல்லியிருக்கலாம். எது ஒண்ணாவது. நான் என்ன சொன்னேன்? "தம்பி, உங்க ஏழு பேருக்கும் பூங்கா கட்டியிருக்காங்கடா! நினைவுப் பூங்கா! உனக்கு ஒரு மரம்!"ன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தினேன்.

அப்புறம் மெதுவா, "நாங்க செத்துட்டோம்னு சொல்லிட்டாங்களாப்பா?"ன்னான்.

லைன் போச்சு.

திரும்பத் திரும்ப அடிச்சேன். எடுக்கல. இந்த வாயை எந்த ராடு வெச்சு அடைக்கிறது?

ஜூலை 10, வியாழன்

அவளிடம் சொன்னேன்.

"பதில் சொல்லாமலே வெச்சிட்டீங்களா?"

"நான் வெக்கல. கட்டாயிடுச்சு."

"அவன் இப்ப அங்க உக்காந்து, தன்னையே செத்தவன்னு நினைச்சிட்டிருப்பான்."

ஜூலை 11, வெள்ளி

வீட்டில் பேச்சு இல்லை.

ஜூலை 19, சனி

இன்னும் இல்லை. உப்பு மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

விட்டுவிட்டார்கள்!

ஐந்து பேர். தம்பி அதில் ஒருவன். எழுத வரவில்லை.

செப்டம்பர் 10, புதன்

நிதானமாக எழுதுகிறேன். யாரோ யாருக்கோ எதையோ கொடுத்து ஏற்பாடாகிவிட்டது. ஏழில் ஐந்து பேர் வருகிறார்கள். கேப்டனோடு மீதி இரண்டு பேரையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சமையற்காரர். அவர் கைச் சமையல் துப்பாக்கிக்காரர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் விடவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு.

தேய்ப்புக்கடைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் சட்டையைக் கழற்றித் தேய்க்கக் கொடுத்தேன். பனியனோடு நின்றேன். அவள் தேய்த்துக்கொண்டே, "வாயில வெக்க முடியாதுன்னு தினம் திட்டுவேன் அண்ணே அந்தச் சமையலை" என்றாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, காலர் லேசாகக் கருகிவிட்டது. அந்தச் சட்டையை நான் மாற்றப்போவதில்லை.

தலைவருக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு வருத்தம்: "இப்பத்தான் அண்ணே நீரூற்று வேலைய ஆரம்பிச்சோம். அஞ்சு பேர் வந்துட்டா நன்கொடை கேக்கறது கொஞ்சம் கஷ்டம்."

செப்டம்பர் 18, வியாழன்

வந்துவிட்டான். பேருந்து நிலையத்தில் பேண்டு, மேடை, மைக். அவன் படியிலிருந்து இறங்கியபோது நான் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு இளைத்துவிட்டான். பேண்டு பெரிய டிரம்மை அடித்ததும் அப்படியே தரையில் குந்திவிட்டான், தலைமேல் கையை வைத்துக்கொண்டு. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சேலைத் தலைப்பால் அவனை மூடிக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன்? அந்த நேரம் பார்த்து மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷம். ஏறிவிட்டேன். நன்றி சொல்லி இறங்கிப் பார்த்தால், மகள் வாடகைக் காரில் அம்மாவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தாள். நான் நடந்து வீட்டுக்குப் போனேன். கையில் மாலையும் தண்ணீர் பாட்டிலும்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஊரிலேயே பத்திரமான வீடு என்று பீற்றிக்கொள்வேன். ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்குக் கம்பிக் கதவு, மாடிப்படிக்குக் கம்பி, கொல்லைக்குக் கம்பி. எல்லாம் என் கைவேலை. இப்போது மகன் அந்த வீட்டுக்குள் உட்கார மாட்டேன் என்கிறான். காலையில் எழுந்தால் அவன் படுக்கை விரித்தபடியே இருக்கும், ஆள் வாசற்படியில். குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்துவதில்லை. வீட்டில் மற்றவர்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

எழுப்பினாலும் எழாதவன், தூங்குவதே இல்லை. பேச்சும் இரண்டு வார்த்தை. "சரிப்பா." "வேணாம்ப்பா."

இன்று வாசல் கம்பிக் கதவைக் கழற்றிக் கொல்லையில் போட்டேன். திருடன் வந்தால் வரட்டும், எடுக்க என்ன இருக்கிறது? அந்தக் கதவுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

மற்ற நாலு பேரும் இன்று கூண்டைத் திறந்தார்கள். ஸ்பானர்தான் ஸ்பானர் கொடுத்தான். நட்டெல்லாம் வெண்ணெய் மாதிரி கழன்றது. தேய்ப்புக்கடைத் தங்கச்சி தன் வீட்டுக்காரருடையதற்கு மட்டுமல்ல, எல்லா நட்டுக்கும் எண்ணெய் விட்டிருக்கிறாள். என் மகன் கூண்டில் நட்டைத் தேடியிருப்பாள். கிடைக்காததை யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெற்ற மகன் விடுதலை விழாவுக்கு வரவில்லை என்று நிம்மதி அடைந்த தகப்பன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அக்டோபர் 13, திங்கள்

தம்பி எப்போது கூண்டைத் திறப்பான் என்று கேட்ட தலைவரிடம், அவனுக்குக் காய்ச்சல் என்றேன். தம்பியிடம், தலைவர் அவசரமில்லை என்றார் என்றேன். தலைவர் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"காய்ச்சல் எப்படிப்பா இருக்கு?"

"யாருக்கு?" என்றான் தம்பி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன்.

அக்டோபர் 22, புதன்

அவள் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர் ஊற்றப் போனவள், ஒரு கிளை கம்பியில் மாட்டிக்கொண்டு நசுங்குவதைப் பார்த்திருக்கிறாள். கூண்டைக் கொஞ்சம் விலக்கலாம் என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள்.

"மத்த ஆறுலயும் நட்டு இருந்துச்சு. நம்ம புள்ளைதுல எங்க?"

"திருடு போயிடும்னுதான்..."

"அவன் வந்து தொறக்கணும்னு சொல்லித்தானே செஞ்சாங்க?"

"ஆமா."

கேனை வைத்தாள். உள்ளே போகும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்: "அப்ப, வரமாட்டான்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க."

அப்படி இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். அப்படி இல்லை. எழுதிவிட்டேன். படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஸ்பானர் கேட்டானே, எப்படித் தொறக்கிறதுன்னு? அதை நான் ஏன் யோசிக்கல? பூட்டு, கதவு, கொக்கி... தொறக்கிற வழியில்லாம நான் இதுவரைக்கும் எதையுமே செஞ்சதில்லையே?

நவம்பர் 4, செவ்வாய்

தேய்ப்புக்கடைத் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். இத்தனை நாள் வரவில்லை. தம்பி தேறட்டும் என்று காத்திருந்தாளாம். வாசற்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி கேட்டாள்.

"தம்பி, அவர் அங்க உப்பு போடறாரா?"

அவன் அவளையே பார்த்தான். "போடமாட்டார்க்கா. ஒரு கல் உப்பு போடமாட்டார். கேட்டா, 'உப்பு ஜாஸ்தின்னு என் பொண்டாட்டி கரண்டியால அடிப்பா, கை பழகிடுச்சு'ன்னுவார். நாங்க கெஞ்சுவோம்."

"உப்பில்லாத சோத்துக்கா அந்தப் பாவிங்க அவரை விடமாட்டேங்கிறானுங்க?"

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடுவதற்குள் கண்ணில் தண்ணீர். தம்பி பேசிக்கொண்டே இருந்தான். எதை எதில் சமைத்தார், துப்பாக்கிக்காரர்களில் ஒருவனுக்கு வயிறு சரியில்லாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்து எப்படித் திட்டினார், அவனுக்குப் பாஷை புரியாமல் எப்படித் தலையாட்டினான் என்று. நான், அவள், மகள் மூன்று பேரும் சுவருக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசியதில்லை.

கடைசியில், "அவர் மரம் எப்படி இருக்கு அக்கா?" என்றான்.

"சொன்னா தெரியுமா? வந்து பாரேன்."

நவம்பர் 5, புதன்

காலையில் பூங்காவுக்குப் போனோம். அவன், அவள், தங்கச்சி, பின்னால் நான். கேட்டின் முன்னால் வந்ததும் தம்பி நின்றுவிட்டான். கேட்டில் தொங்கிய பூட்டையே பார்த்தான்.

"இதைப் பூட்டுவாங்களா?"

"ஆறு மணிக்குத்தான் தம்பி" என்றார் காவலாளி.

அவன் கால் நகரவில்லை. தங்கச்சிதான் நேரே போய்ப் பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "நாங்க வெளிய வர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

"விதிப்படி அது..." என்று ஆரம்பித்தார் காவலாளி.

"விதியில பூட்டைத் தொடக்கூடாதுன்னு இருக்கா? மரத்தைத்தானே?"

உள்ளே வந்தான். சமையற்காரர் மரத்தைப் பார்த்தான். நட்டை விரலால் திருகிப் பார்த்தான், எண்ணெய் ஒட்டியது. பிறகு தன் மரத்துக்கு வந்தான். நான் இரண்டு மரம் தள்ளியே நின்றேன்.

"அப்பா, இதுல நட்டு எங்க?"

ஆடு, திருடன், பழைய இரும்புக்காரன், எல்லாப் பதிலும் தயாராக இருந்தது. "வெல்டு வெச்சிட்டேன்" என்றேன்.

"சுத்தியுமா?"

"சுத்தியும்."

குனிந்து அந்த வெல்டின்மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை இழுத்தான். கப்பலுக்குப் போகுமுன் என் பட்டறையில்தான் அவன் தொழில் கற்றான். "ஒரு ஓட்டை இல்லப்பா. எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்ல." "நான் வந்தா எப்படித் தொறக்கிறதா இருந்தீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தாள்.

"யோசிக்கலடா" என்றேன். "யோசிக்க பயம்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. "அவனுங்ககூட எங்களுக்குப் பூட்டுதான்ப்பா போட்டானுங்க. யாரும் வெல்டு வெக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தங்கச்சி சிரித்தாள். என் வீட்டுக்காரி முதலில் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சத்தம் போடக்கூடாது" என்று காவலாளி பலகையைக் காட்டினார். சிரிப்பு இன்னும் கூடியது. நான்தான் கடைசியாக ஆரம்பித்தேன், எனக்குத்தான் நிற்கவில்லை. நின்றபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. அவள் சேலைத் தலைப்பை நீட்டினாள்.

நவம்பர் 8, சனி

பேண்டு இல்லை, மைக் இல்லை. ஸ்பானர் பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தான். கிரைண்டரைத் தம்பி பிடித்தான். வெட்டுகிற இடத்துக்கும் மரத்துக்கும் நடுவில் பொறி படாமல் நான் ஈரச் சாக்கைப் பிடித்தேன். அவள் சாக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள், பாதி என்மேல்.

வெட்டி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. நல்ல வெல்டு. இவ்வளவு நன்றாக வைத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கே தோன்றியது. ஒரு கிளை கம்பியைச் சுற்றி வளைந்து, கம்பி அதன் பட்டைக்குள் புதைந்திருந்தது. இழுத்தால் கிளை முறியும். அவன் இரண்டு பக்கமும் வெட்டி, விரலளவுத் துண்டை மட்டும் மரத்திலேயே விட்டுவிட்டான். "இருக்கட்டும்ப்பா. அதுபாட்டுக்கு இருக்கும்" என்றான்.

கூண்டு விழுந்த சத்தம் கேட்டுத் தலைவர் ஓடிவந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேண்டு சொல்லியிருப்பேனே அண்ணே!"

நவம்பர் 15, சனி

தலைவர் பட்டறைக்கு வந்தார். ஐந்து கூண்டு போனதில் பூங்கா வெறிச்சென்று இருக்கிறதாம். வெறும் மரத்தைப் பார்க்க யார் வருவார்கள்? அதனால், ஆள் உள்ளே போய் நின்று படம் எடுத்துக்கொள்கிற மாதிரி பெரிய கூண்டு ஒன்று, கதவோடு, செய்துதர முடியுமா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் தம்பி உள்ளேயிருந்து கேட்டான்: "தாழ்ப்பாள் உள்பக்கம் வெக்கணுமாங்க, வெளிப்பக்கமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் யோசிக்கிறார்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் தேய்ப்புக்கடைத் தங்கச்சி காலிக் குப்பியோடு வந்தாள். மெஷின் எண்ணெய் நிரப்பிக் கொடுத்தேன். சமையற்காரரிடமிருந்து தகவல் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் தம்பியும் கூடப் போகிறான். அவள் எண்ணெய் விடுவாள், அவன் நட்டைக் கொஞ்சம் கழற்றி மறுபடி முடுக்கி, பழக்கி வைப்பான். இன்று அவனைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"தூங்கறான்" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள் என் வீட்டுக்காரி, விரலை உதட்டில் வைத்து.

எட்டிப் பார்த்தேன். வாசற்படி காலி. உள்ளறையில் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறான், வாயைத் திறந்துகொண்டு. கதவு பாதி சாத்தியிருக்கிறது. யார் சாத்தினார்கள் என்று கேட்டேன். அவனேதானாம்.

தங்கச்சி தனியாகப் போனாள், சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

மணி ஒன்பதரை. இரண்டு கேட் இன்று முடித்துத் தரவேண்டும், ஸ்பானர் தனியாக அல்லாடுகிறான், கிரைண்டர் பிடிக்க ஆளில்லை. ஒரு தடவை கதவுப் பக்கம் போய்த் தொண்டையைக் கனைத்தேன். அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

இந்த வீட்டில் தூங்குமூஞ்சிகளுக்குத்தான் மரியாதை. நான் கிளம்புகிறேன்.